சேற்றைக் கேட்டறிதல்: பழவேற்காட்டு மண்ணும் பாக்டீரியா வளர்ப்பும்

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுப்பது, நுண்ணுயிரியல் பயிலும் மாணவர் எவரும் படிப்பின் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ளும் பயிற்சியாகும். ஆயினும் அப்பயிற்சி எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்று ஆராயப் புகுந்தால், அது செய்முறை வகுப்பின் எல்லையைக் கடந்து, கண்ணுக்குத் தெரியாத உலகைப் பற்றிய அறிவு எவ்வாறு திரட்டப்படுகிறது என்னும் வினாவாக விரிந்துவிடுகிறது. இவ்வுரை அவ்வினாவைத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில் உள்ள பழவேற்காட்டு ஏரியின் சேற்றை முன்வைத்து ஆராய்கிறது. வளர்ப்புத் தட்டில் தோன்றும் உயிர்கள், மாணவர் தேர்ந்துகொண்ட ஊடகம் எழுப்பிய வினாவுக்கு மண் அளித்த விடைகள். வினாவைச் சரியாக அமைக்க வேண்டுமாயின் அம்மண்ணின் இயல்பை முன்னரே அறிந்திருக்க வேண்டும். பழவேற்காட்டில் அவ்வறிவைத் தலைமுறைகளாகத் திரட்டி வைத்திருப்பவர்கள் ஏரியை நம்பி வாழும் மீனவர்கள். இம்மூன்றையும் இணைத்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஏரியும் அதன் அடிமண்ணும்

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஆகும். வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்திட்டு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரத்தின் வழியே ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே புகுந்து, ஓதம் இறங்கும்போது வெளியேறுகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே ஆகையால், வெயிலும் மழையும் காற்றும் இந்நீரின் தன்மையை விரைந்து மாற்றிவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை பொழியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றுவாய்களை ஒட்டிய நீர் நன்னீரை நெருங்கிவிட, கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபடும்போது உப்பு மிகுந்து, சில பகுதிகளில் கடல்நீரின் உவர்ப்பையும் கடந்துவிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும் என்பதை நினைவிற்கொண்டால், ஓராண்டுக்குள் இவ்வடிமண் எத்தகைய ஏற்ற இறக்கத்துக்கு உள்ளாகிறது என்பது விளங்கும்.

அச்சேற்றை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால் அதன் நிறமே அதன் வேதியியலை உணர்த்துகிறது. மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள படலம் பழுப்பு நிறத்தில் இருக்கும்; அதற்குக் கீழே கரிய சேறு தொடங்கும்; அதைக் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சேற்றுக்குள் மிகச் சிறிது தொலைவே ஊடுருவுகிறது. அதை மேற்படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சுவாசித்துத் தீர்த்துவிட, கீழே வாழ்வன ஆக்சிஜனுக்கு மாற்றாக வேறு பொருள்களைக் கொண்டு சுவாசிக்க வேண்டியுள்ளது. கடல்நீரில் சல்பேட்டு மிகுதியாக இருப்பதால், உவர்நீர்ச் சேற்றில் அதைச் சல்பைடாக ஒடுக்கும் பாக்டீரியாக்கள், அதாவது டெசல்ஃபோவிப்ரியோ முதலிய சல்பேட்டு ஒடுக்கிகள், செழித்து வாழ்கின்றன. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடே நாற்றத்துக்குக் காரணம். அது மண்ணிலுள்ள இரும்புடன் சேர்ந்து உருவாக்கும் இரும்புச் சல்பைடே கருமைக்குக் காரணம். ஆகவே கருஞ்சேறு என்பது பாக்டீரியாக்களின் சுவாசத்தினால் நிறம் பெற்ற மண் என்று கொள்ளலாம்.

இந்த அடிமண்ணின் வேறுபாடுகளை அறியாமல் இவ்வேரியில் தொழில் செய்ய இயலாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்களிடையே வழங்கும் பாடு என்னும் முறை இதற்குத் தக்க சான்றாகும். இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பகுதிகளில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாம் என்று ஊராரே முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. அம்முறைக்குள் இடம்பெறாத பிற மீனவர்களும், கைகளால் தடவி இறால் சேகரிக்கும் இருளர் மக்களும் வேறு இடங்களில் தொழில் செய்கின்றனர் என்பதும், இதனால் பிணக்குகள் எழுந்ததுண்டு என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. எவ்வாறாயினும், கழி ஊன்றி வலை கட்டுவோரும், முட்டளவு நீரில் அமர்ந்து கைகளால் துழாவுவோரும் எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் களி, எந்த இடத்தில் சிப்பிப் படுகை, எந்தச் சேறு கிளறினால் நாறும், எந்த மாதத்தில் நீர் தேங்கி மீன் மயங்கும் என்பவற்றைத் தொழிலின் தேவையாகவே அறிந்துவைத்துள்ளனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ் போன்றோர் இவ்வேரியின் சூழலியலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளனர். கல்விக்கூட ஆய்வும் மீனவர் அறிவும் சந்திக்கும் களமாக இவ்வேரி நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது.

வளர்ப்புத் தட்டு உருவான வரலாறு

மண்ணில் பல்லாயிரம் வகைப் பாக்டீரியாக்கள் கலந்து வாழ்வதால், அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே பிரித்து வளர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நுண்ணுயிரியலாளர்களுக்குப் பெரும் இடர்ப்பாடாக இருந்தது. நீர்மத்தில் வளர்த்தால் அனைத்தும் கலந்துவிடும். திண்மப் பரப்பில் வளர்த்தால் ஒவ்வொரு செல்லும் விழுந்த இடத்திலேயே பெருகிக் கண்ணுக்குத் தெரியும் திரளாகும். அத்திரளைக் காலனி என்று அழைப்பர். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் முதலில் உருளைக்கிழங்குத் துண்டையும் பின்னர் ஜெலட்டினையும் பயன்படுத்தினார். ஆனால் ஜெலட்டின் வெப்பம் மிகுந்தால் உருகிவிடும். அன்றியும், சில பாக்டீரியாக்கள் அதை உண்டு கரைத்துவிடும். கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலில் பயன்படுத்திவந்த அகாரை அதற்கு மாற்றாக 1881ஆம் ஆண்டளவில் பரிந்துரைத்தார். அகாரின் பயனை அவர் ஜாவாவில் வாழ்ந்துவந்த டச்சு அறிமுகத்தார் வழியாகவே அறிந்திருந்தார். டச்சு வணிகத்துக்குச் சோழமண்டலக் கரையில் தலைமையிடமாக விளங்கியது, 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்த பழவேற்காடே என்பது வரலாற்றின் ஒரு குறுக்குத் தொடர்பாகும். மூடியுடன் கூடிய ஆழமற்ற கண்ணாடித் தட்டை ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி 1887இல் வெளியிட்ட பிறகு, இன்று வழங்கும் வடிவம் முழுமை பெற்றது.

அகார் சிவப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் ஒரு கூட்டுச்சர்க்கரைப் பொருள். ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸில் உருகி, 40 டிகிரிக்குக் கீழே உறைவது இதன் தனித்தன்மை. ஒருமுறை உறைந்தபின் உடல்வெப்பத்தில் வைத்தாலும் உருகாது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் செரிக்கவும் முடியாது. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் தமிழ்நாட்டு அகார்த் தொழிலுக்கு மூலப்பொருள்களாக இருந்துவருகின்றன. ஆய்வுக்கூடத்தின் மிகத் தூய பொருளாகக் கருதப்படும் ஒன்று கடலோர உழைப்பிலிருந்து தொடங்குகிறது என்பதை மாணவர் அறிந்திருப்பது நன்று.

மாணவர் பயிலும் முறை

பழவேற்காட்டுச் சேற்றை ஆராயப் புகும் மாணவரின் பணி, படகில் தொடங்குகிறது. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயமாக உள்ளதால் அங்கு மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி தேவை. பாடு நடைபெறும் இடத்தில் எடுக்க ஊராரின் இசைவு தேவை. கிருமி நீக்கிய குழாயைச் சேற்றில் செலுத்தி எடுத்த மாதிரியுடன், இடம், ஆழம், நீரின் உவர்ப்பு, வெப்பநிலை, கார அமிலத்தன்மை, ஓதத்தின் நிலை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். இக்குறிப்புகள் இன்றி எடுக்கப்பட்ட சேறு, எவ்வளவு நுட்பமாகப் பின்னர் ஆராயப்பட்டாலும், எந்த ஏரிக்கும் உரியதாகவோ எதற்கும் உரியதல்லாததாகவோ ஆகிவிடும். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து விரைந்து கொண்டுசெல்வதன் காரணம், சென்னை செல்லும் வழியின் வெப்பத்தில் சில பாக்டீரியாக்கள் பெருகியும் சில மடிந்தும் விகிதம் மாறிவிடும் என்பதே.

ஆய்வுக்கூடத்தில் முதலில் ஊடகம் ஆயத்தமாகிறது. ஊடகம் என்பது பாக்டீரியாக்களுக்கு வேண்டிய கரிமம், நைட்ரஜன், தாது உப்புகள் ஆகியவற்றை நீரில் கரைத்து, அகார் சேர்த்து உறைய வைத்த உணவாகும். இதை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக்கலனில், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி நீராவியில் 15 நிமிடம் வைத்தால், வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகளும் மடிந்துவிடும். அடுத்தது தொடர் நீர்த்தல்: ஒரு கிராம் சேற்றைக் கிருமி நீக்கிய உப்புநீரில் கலக்கி, அதில் ஒரு பங்கை ஒன்பது பங்கு நீருடன் சேர்த்து, அதிலிருந்து மீண்டும் ஒரு பங்கை எடுத்து, இவ்வாறு பத்தில் ஒன்றாகப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே செல்வது. ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான செல்கள் இருப்பதால், நீர்த்தாலன்றித் தட்டில் தனித்தனிக் காலனிகள் அமையா. 30 முதல் 300 வரை காலனிகள் உள்ள தட்டே கணக்கிடத் தக்கதாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் குறைந்தால் தற்செயலின் பங்கு மிகும், அதற்கு மேற்பட்டால் காலனிகள் ஒன்றையொன்று நெருக்கும். எடுத்துக்காட்டாக, இலட்சத்தில் ஒரு பங்காக நீர்த்த கரைசலில் 0.1 மில்லிலிட்டரைப் பரப்பிய தட்டில் 84 காலனிகள் தோன்றினால், ஒரு கிராம் சேற்றில் 8 கோடியே 40 இலட்சம் காலனி உருவாக்கும் அலகுகள் இருந்தன என்று கணக்கிடப்படும். செல்கள் என்னாமல் அலகுகள் என்று கூறுவதன் காரணம், ஒட்டிக்கொண்டிருந்த பல செல்கள் சேர்ந்தும் ஒரு காலனியைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதாகும். சேற்றின் ஈரம் இடத்துக்கு இடம் மாறுவதால், உலர் எடைக்குத் திருத்திய பின்னரே ஒரு மாதிரியை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும்.

மாணவரின் எதிர்பார்ப்பும் தட்டின் விடையும் முதன்முதலில் முரண்படுவது இவ்விடத்தில்தான். பாடநூல்களில் பொதுவாகக் குறிப்பிடப்படும் ஊட்ட அகாரைக் குழாய்நீரில் கரைத்து ஆயத்தம் செய்தால், உவர்மண்ணின் இயல்பான குடிகளுள் பல அதில் வளர மறுக்கின்றன. சோடியம் இன்றி வாழ இயலாதவை அவை. மாறாக, எங்கும் காணப்படும் பேசில்லஸ் இனங்களின் வித்துகள் முளைத்து, சில வேளைகளில் ஒரே இரவில் தட்டு முழுவதும் படர்ந்து மற்றவற்றை மூடிவிடுகின்றன. அமெரிக்கக் கடல் நுண்ணுயிரியலாளர் கிளாட் ஸோபெல் 1941இல் விவரித்த கடல்நீர் ஊடகத்தைப் பயன்படுத்தினால் காட்சி மாறி, வெண்மை, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று பல நிறக் காலனிகள் தோன்றுகின்றன. ஸ்டார்ச்சும் கேசினும் சேர்த்த ஊடகத்தில், பூஞ்சைகளைத் தடுக்கும் மருந்தையும் கலந்து, 28 டிகிரி வெப்பத்தில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை பொறுமையுடன் வைத்தால் ஆக்டினோமைசீட்டுகள் வெளிப்படுகின்றன. இழைகளாகக் கிளைத்து வளரும் இப்பாக்டீரியாக்களின் காலனிகள் மாவு தூவியவை போன்ற பரப்புடன், அகாரில் ஆழப் பற்றியிருக்கும். இவற்றுள் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்கள் வெளியிடும் ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருளே முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணம். மூன்றாவது நாளில் வளர்ச்சி இல்லை என்று தட்டைக் கழித்துவிடும் மாணவர், பத்தாவது நாளில் வெளிப்படவிருந்த ஒரு குலத்தையே இழந்துவிடுகிறார்.

மீன் உலர்த்தும் களங்களின் மண் இன்னொரு பாடத்தைப் புகட்டுகிறது. உப்பிட்ட கருவாட்டில் சில வேளைகளில் செந்நிறம் படர்ந்து கெட்டுப்போவதை மீன் விற்கும் பெண்கள் அறிவர். அதற்குக் காரணமானவை, நூறு மில்லிலிட்டருக்கு 15 முதல் 25 கிராம் வரை உப்புள்ள ஊடகத்தில் மட்டுமே நன்கு வளரும் ஹாலோபாக்டீரியம் போன்ற உயிர்கள். பெயரில் பாக்டீரியம் என்று இருப்பினும், கார்ல் வூஸ் 1977இல் மரபுப் பொருளின் ஒப்பீட்டால் பாக்டீரியாவிலிருந்து வேறுபடுத்திக் காட்டிய ஆர்க்கியா என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தவை அவை. கருவாட்டின் கெடுதியைக் கண்டு உப்பின் தரத்தையும் ஈரத்தையும் கவனிக்கும் வணிக அறிவும், ஊடகத்தின் உப்பளவைத் தீர்மானிக்கும் ஆய்வறிவும் இங்கு ஒரே உயிரைச் சுற்றியே இயங்குகின்றன.

தனிக் காலனி கிடைத்த பின், கம்பி வளையத்தால் புதிய தட்டில் மீண்டும் மீண்டும் கோடிழுத்துப் பரப்பித் தூய வளர்ப்பைப் பெறுவதும், 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வகுத்த சாயமுறையால் செல்சுவரின் வகையை அறிவதும், சர்க்கரைகளைப் புளிக்கச் செய்யும் திறன் முதலியவற்றைச் சோதிப்பதும், இறுதியில் ஏறத்தாழ 1,500 எழுத்துகள் கொண்ட 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை வாசித்து இனத்தை உறுதிப்படுத்துவதும் வரிசையாக நிகழ்கின்றன. பெயர் கண்ட வளர்ப்பைக் கிளிசராலில் கலந்து உறைநிலையில் காத்தால்தான், வேறொருவர் பின்னாளில் அதே உயிரைக் கொண்டு முடிவைச் சரிபார்க்க இயலும்.

தட்டு காட்டாதவை

இத்தனைக்குப் பின்னும், தட்டில் தோன்றியவை மண்ணில் உள்ளவற்றின் ஒரு சிறு பகுதியே. நுண்ணோக்கியின் கீழ் சாயமேற்றி எண்ணினால் கிடைக்கும் தொகை, தட்டுகளில் எண்ணிய தொகையைவிடப் பெரும்பாலும் நூறு மடங்கோ அதற்கு மேலோ மிகுந்திருக்கிறது. இம்முரண்பாட்டை ஸ்டேலியும் கோனோப்காவும் 1985இல் விரிவாக ஆராய்ந்து, தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண் என்று குறிப்பிட்டனர். ஓர் ஏரியின் மீன்வளத்தை ஒரே கண்ணளவுள்ள வலையின் பிடிப்பை மட்டும் கொண்டு எவரும் கணிக்கமாட்டார். இறால் வலையில் மடவை இல்லாமையால் ஏரியில் மடவையே இல்லை என்று சொல்பவரைக் குப்பத்தார் நம்பமாட்டார். ஊடகத்துக்கும் இதே விதி பொருந்தும். அதன் உப்பும் சர்க்கரையும் வெப்பமும் ஆக்சிஜனும் எவற்றை உள்ளே விட வேண்டும், எவற்றை விலக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. ஆகையால், இம்மண்ணில் இன்ன பாக்டீரியா இல்லை என்று தட்டைக் கொண்டு கூறும் முடிவு, இன்ன ஊடகத்தில், இன்ன வெப்பத்தில், இத்தனை நாளில் வளரவில்லை என்று எழுதப்பட்டால் மட்டுமே உண்மையாகும்.

இவ்வெச்சரிக்கை வெறும் ஏட்டு நுணுக்கம் அன்று. காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே, ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் உவர்நீரை இயல்பான வாழிடமாகக் கொண்ட பாக்டீரியா. அது இடர்மிக்க சூழலில் உயிருடன் இருந்துகொண்டே வளர்ப்பூடகத்தில் வளரும் ஆற்றலை இழந்துவிடக்கூடும் என்பதை ரீட்டா கோல்வெல்லின் குழுவினர் 1982இல் எடுத்துக்காட்டினர். நோய் இல்லாத பருவத்தில் அது எங்கே இருக்கிறது என்னும் நெடுநாள் வினாவுக்கு இது ஒரு விடையை அளித்தது. அதுகாறும் கொள்ளைநோயைத் தோற்றுவித்திராத ஓ139 என்னும் புதிய காலரா வகை, 1992இல் சென்னையில் வெளிப்பட்டு, பின்னர் வங்கத்துக்கும் அண்டை நாடுகளுக்கும் பரவியது. கடலோர நீரைத் தட்டில் இட்டு, ஒன்றும் வளரவில்லை ஆதலால் பாதுகாப்பானது என்று அறிவிப்பது எத்துணைத் தவறாக முடியும் என்பதற்கு இவை சான்றாகும். அடையாளம் அறியப்படாத காலனியில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், தட்டைத் திறந்து முகராமையும், பணி முடிந்தபின் அனைத்தையும் அழுத்தக்கலனில் அழித்தலும் மாணவர் முதலில் கற்கும் ஒழுக்கங்களாகும்.

மண்ணை முன்னிட்டு ஊடகம் அமைத்தல்

பொது ஊடகத்தின் இக்குறையை உணர்ந்து மாற்றுவழி வகுத்தவர்கள் செர்கேய் வினோகிராட்ஸ்கியும் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்கும் ஆவர். எல்லாம் வளரும் பொது ஊடகத்தைத் தேடாமல், ஒரு குறிப்பிட்ட வாழ்முறைக்கு மட்டும் இடமளிக்கும் ஊடகத்தை அமைத்து, அதற்குரிய உயிரை மண்ணிலிருந்து மிகுவித்தெடுப்பது இவர்கள் வழி. இதைச் செறிவூட்ட வளர்ப்பு என்பர். கந்தகச் சேர்மங்களை ஆக்சிஜனுடன் இணைத்தே வாழ்வதற்கான ஆற்றலைப் பெறும் பாக்டீரியாக்கள் உண்டென்பதை வினோகிராட்ஸ்கி 1887இல் வெளிப்படுத்தினார். பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாவை 1888இலும், சல்பேட்டு ஒடுக்கியை 1895இலும் பெய்ஜெரிங் தனித்தெடுத்தார். வினோகிராட்ஸ்கியின் பெயரால் வழங்கும் கண்ணாடித் தூண் இன்றும் பள்ளி ஆய்வகத்தில் எளிதாக அமைக்கத்தக்கது. ஏரிச்சேற்றுடன் துண்டாக்கிய காகிதத்தையும் சிறிது ஜிப்சத்தையும் கலந்து, ஏரிநீரை மேலே ஊற்றி, மூடி, ஒளிபடும் இடத்தில் சில வாரம் வைத்தால், காகிதம் செல்லுலோஸையும் ஜிப்சம் சல்பேட்டையும் அளிக்க, அடியில் கருமையும் அதன்மேல் ஒளியைக் கொண்டு கந்தகத்தை ஆளும் பச்சை, ஊதாப் பாக்டீரியாக்களின் அடுக்குகளும், உச்சியில் பாசிகளும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் தோன்றும். பழவேற்காட்டின் கரையிலுள்ள பள்ளிகளில் இதை வைத்தால், மாணவர் தம் வீட்டாரின் வலை புதையும் சேற்றில் நிகழ்வதைக் கண்ணால் காணலாம்.

வாழிடத்தை முன்னிட்டு ஊடகம் அமைப்பதன் பயனுக்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளை ஒட்டி உவர்நீரில் வளரும் போர்ட்டெரேசியா கோயார்க்டேட்டா என்னும் காட்டு நெல், உரமிடுவார் எவருமின்றி உப்பு மண்ணில் செழிப்பதற்குக் காரணம் என்ன என்னும் வினாவுடன், சென்னையின் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதனும் சுதா நாயரும் அதன் வேரையும் தண்டையும் வேர்ச்சூழ் மண்ணையும் ஆராய்ந்தனர். அவர்கள் பயன்படுத்திய ஊடகத்தில் நைட்ரஜன் சேர்மம் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆகவே காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்தும் உயிருக்கே அதில் வாழ்வு உண்டு. அவ்வாறு கிடைத்த பாக்டீரியா உப்பைத் தாங்குவதாகவும், கரையாத பாஸ்பேட்டைக் கரைப்பதாகவும், அதுவரை அறியப்படாத புதிய பேரினமாகவும் இருந்தது. சுவாமிநாதானியா சாலிடோலெரன்ஸ் என்னும் பெயரில் அது 2004இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. ஒரு பொருளை ஊடகத்திலிருந்து நீக்கியதே கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது. எதை நீக்க வேண்டும் என்பதை அச்செடியின் வாழ்க்கையே சுட்டியது.

மண்ணிலிருந்து மருந்து, மருந்திலிருந்து கடமை

மண் பாக்டீரியாக்களைத் தேடும் ஆர்வம் உலகெங்கும் பெருகியதற்கு எதிருயிரி மருந்துகளே முதன்மைக் காரணம். காசநோய்க்கு எதிரான ஸ்ட்ரெப்டோமைசினை, அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943இல் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் ஆய்வு மாணவர். எனினும் 1952இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டுமே அளிக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆய்வுத் தலைமை வகித்த லெடர்லி நிறுவனத்தில், பெஞ்சமின் டக்கர் மண் பாக்டீரியாவிலிருந்து கண்ட ஆரியோமைசின் 1948இல் வெளியாயிற்று. பூனாவை அடுத்த பிம்ப்ரியின் மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து, இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தில் திருமலாச்சார் குழுவினர் பூஞ்சை எதிர்ப்பு மருந்தான ஹேமைசினை உருவாக்கினர். தட்டில் வளராதவற்றையும் அவை வாழும் மண்ணிலேயே நுண்ணறைகளில் வைத்து வளர்க்கும் ஐசிப் என்னும் கருவியின் துணையால் டெய்க்சோபாக்டின் என்னும் புதிய மருந்துப்பொருள் 2015இல் அறிவிக்கப்பட்டது. தட்டு காட்டாத உலகின் வாயில் மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது.

ஆயின் இவ்வரலாற்றில் மண்ணுக்குரிய மக்கள் எங்கே நின்றனர் என்னும் வினா தவிர்க்க இயலாதது. ஈஸ்டர் தீவில் 1964இல் ஒரு கனடியக் குழுவினர் திரட்டிய மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து, பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல் பங்கேற்ற ஆய்வில் ராபமைசின் பிரித்தெடுக்கப்பட்டு, 1975இல் வெளியிடப்பட்டது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குத் துணைநிற்கும் அம்மருந்து பெருவருவாய் ஈட்டியது. தீவின் உள்ளூர்ப் பெயரை மருந்து தாங்கியதே தவிர, அவ்வருவாயில் தீவு மக்களுக்குப் பங்கு இல்லை. இத்தகைய நிலை தொடராதிருக்கவே இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. 2010இன் நகோயா உடன்படிக்கையும் அந்நோக்கத்தை உலக அளவில் வகுத்தது. அச்சட்டத்தின் பார்வையில் நுண்ணுயிரியும் உயிரியல் வளமே. அதைக் கொண்டு காப்புரிமை கோருவோர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தை அணுக வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள்தோறும் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழுக்கள் அமைந்து, மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேட்டைப் பேண வேண்டும்.

பழவேற்காட்டுச் சேற்றில் கைவைக்கும் மாணவருக்கு இச்சட்டங்கள் தொலைவில் உள்ளவை அல்ல. இடமும் பருவமும் குறித்த மாதிரிப் பதிவு, வளர்ந்தவற்றுடன் வளராதவற்றையும் கூறும் நேர்மையான குறிப்பேடு, சண்டிகரின் நுண்ணுயிர் வளர்ப்புத் தொகுப்பகம் போன்ற பொதுக் காப்பகத்தில் தூய வளர்ப்பை ஒப்படைத்தல், எந்தப் படுகையின் சேறு என்பதைக் காட்டிய மீனவரின் பங்கை ஆய்வேட்டில் அறிவுப் பங்காகவே பதிதல், முடிவுகளைத் தமிழில் எழுதி ஊர்ப் பதிவேட்டில் சேர்த்தல் ஆகியவை ஒவ்வொரு மாணவரும் தம் நிலையிலேயே செய்யத்தக்கவை. முகத்துவாரம் அடைபட்ட ஆண்டிலும் திறந்த ஆண்டிலும் ஒரே படுகையின் சேற்றில் எந்தப் பாக்டீரியாக் குலங்கள் மிகுகின்றன, எவை குன்றுகின்றன என்னும் ஒப்பீடு அவ்வாறு ஆண்டுதோறும் சேருமாயின், முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்று மீனவர்கள் முன்வைக்கும் கோரிக்கைக்கு அது எண்களால் துணைநிற்கும் சான்றாகும். சேற்றில் எதைத் தேட வேண்டும் என்பதை ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லும் தகுதி குப்பத்துக்கு உண்டு. என்ன கிடைத்தது என்பதைக் குப்பத்துக்குச் சொல்லும் கடமை ஆய்வுக்கூடத்துக்கு உண்டு.